ஜான் ஸ்பில்ஸ்பரி சரித்திரம்

தோற்றுவாய்

சரித்திரம் எழுதப் புகுவோர் அரசரையும் படைத்தலைவரையும் புலவரையும் சமயத் தலைவரையுமே பெரும்பாலும் பொருளாகக் கொள்கின்றனர். கையில் உளியும் வாளும் தாங்கி உழைத்தவர்களுடைய வாழ்க்கையை எழுதுவார் மிகச் சிலர். நம் மதுரைத் திருக்கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தே உயிர் பெற்று நிற்பன போல விளங்கும் உருவங்களைச் செதுக்கிய கைகள் யாருடையவை என்பதை நாம் அறியோம். சித்திரைத் திங்களில் மாசி வீதிகளில் அசைந்து வரும் தேரைக் கண்டு கைகூப்பாதார் இலர். அத்தேருக்கு முதன்முதல் நூல் பிடித்து அச்சுப் பூட்டிய தச்சர் யாரென்று வினவினால் விடை கூறுவாரும் இலர். கைத்தொழிலாளர் தம் பெயரைத் தம் வேலைப்பாட்டிற்குள்ளே மறைத்துவிட்டுப் போதலே பழக்கமாயிற்று.

இத்தகையோருள் ஒருவர், தாம் வாழ்ந்த ஆண்டுகள் முப்பதும் நிரம்பாதனவாயினும், தம் தொழிலோடு தம் பெயரையும் உலகம் இன்றுவரை சேர்த்து நினைக்குமாறு செய்து சென்றார். அவர் ஆங்கில நாட்டின் தலைநகராகிய இலண்டனில் செப்புத் தகட்டில் தேசப்படம் வெட்டும் தொழில் புரிந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர். இக்காலத்துச் சிறுவர் தரையிற் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று பொருத்தி மகிழும் ‘ஜிக்சா’ என்னும் துண்டுப் படப் புதிரை மரத்தால் அறுத்து, கடையில் வைத்து விற்று, அதனை ஒரு தொழிலாக நிலைநிறுத்திய பெருமை அவருக்கு உரியது. மரமும் உலோகமும் கையாண்டு பிழைக்கும் குடும்பங்களிற் பிறந்த நாம் அவர் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் பல வகையாலும் நன்மை பயக்கும் என்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றேன்.

பிறப்பும் தொழிற் பயிற்சியும்

ஸ்பில்ஸ்பரி 1739-ஆம் ஆண்டிற் பிறந்தார். அவருக்கு ஜோனதன் என்னும் தமையனார் ஒருவர் இருந்தார். அவரும் செப்புத் தகட்டிற் படம் செதுக்கும் கலையிலேயே புகழ் பெற்றவர். இருவர் பெயர்களும் ஒத்திருத்தலின், பிற்காலத்து எழுத்தாளர் சிலர் ஒருவர் செயலை மற்றவர்மேல் ஏற்றிக் கூறி மயங்கியதும் உண்டு.

நம் ஊர்களில் சிறுவனைத் தொழில் பழக ஓர் ஆசாரியரிடம் ஒப்புவிக்கும் வழக்கம் இருந்தது போலவே அந்நாட்டிலும் இருந்தது. மாணாக்கன் ஏழாண்டுகள் ஆசிரியர்பால் அமர்ந்து அவர் ஏவல் வழி நின்று தொழில் கற்றல் வேண்டும் என்பது அங்கு முறை. ஸ்பில்ஸ்பரி 1753-ஆம் ஆண்டில், ஏறக்குறையப் பதினான்காம் வயதில், தாமஸ் ஜெப்ரிஸ் என்பவரிடம் சேர்க்கப்பட்டார். இந்த ஜெப்ரிஸ் சாமானியரல்லர். அக்காலத்துத் தேசப்படம் வெளியிடுவோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பூகோள நிபுணர் என்னும் பதவி பெற்றவர்.

அங்கு மாணாக்கர் கற்கவேண்டிய வேலை யாது என்பதை நேயர்கள் அறிதல் நலம். அக்காலத்துத் தேசப்படங்கள் செப்புத் தகட்டிலிருந்து அச்சிடப்பட்டன. மெருகிட்ட தகட்டின்மேல் கூரிய சிற்றுளி கொண்டு கடற்கரையையும் ஆறுகளையும் மலைகளையும் எல்லைகளையும் கீற வேண்டும். ஊர்ப்பெயர்களையும் அவ்வாறே பொறிக்க வேண்டும்; அதுவும் இடம் வலமாக மாற்றித் தலைகீழான எழுத்தாற் பொறித்தல் வேண்டும்; அவ்வாறு பொறித்தாலன்றித் தாளிற் பதியும்போது எழுத்து நேராக அமையாது. பின்னர்த் தகட்டில் மையைத் தேய்த்து, மேற்பரப்பை மாத்திரம் துடைத்து, கீறலுள் நின்ற மையை ஈரத்தாளில் உருளை அழுத்தத்தால் ஏற்ற வேண்டும். ஓர் உளி தவறினால் ஓர் ஆறு வழி மாறிவிடும். ஓர் எழுத்துப் பிழைத்தால் ஓர் ஊர் பெயரிழந்துவிடும். இவ்வளவு நுண்ணிய பணியில் ஏழாண்டுகள் கண்ணையும் கையையும் பழக்கிய இளைஞர் 1760-ஆம் ஆண்டில் பயிற்சி முற்றி வெளிவந்தார்.

கடை வைத்தமை

தொழில் கற்று முடிந்த இளைஞன் முன் எக்காலத்தும் நிற்பது ஒரு கேள்வியே: கற்ற தொழிலை யாருக்கு விற்பது? இலண்டனில் அப்போது செப்புத் தகடு வெட்டுவோர்க்குக் குறைவில்லை. ஆசிரியரைப் போலவே தாமும் பெரிய தேசப்படத் தொகுதிகளை வெளியிடலாம் என்றால், அதற்கு நில அளவு செய்வோர்க்குக் கூலி கொடுக்கவும், பல ஆண்டுகள் காத்திருக்கவும் பெரும் பொருள் வேண்டும். அவ்வழியின் இடர்ப்பாட்டை ஆசிரியர் வாழ்க்கையே காட்டிற்று. நாட்டுப் பகுதிகளைப் புதிதாக அளந்து படமாக்கும் பெருஞ் செலவில் இறங்கிய ஜெப்ரிஸ் 1766-ஆம் ஆண்டில் கடன் தீர்க்க இயலாது முறிந்து போனார். அரசருடைய பூகோள நிபுணருக்கே அந்நிலை நேர்ந்தது.

ஸ்பில்ஸ்பரி வேறு வழி கண்டார். இலண்டனில் நாடக சாலைகளுக்குப் பெயர் பெற்ற துரூரி லேன் தெருவையடுத்த ரஸ்ஸல் கோர்ட்டு என்னும் சந்தில் ஒரு கடை வைத்தார். 1761-ஆம் ஆண்டில் சேரா மே என்னும் பெண்மணியை மணந்து இல்லறம் புகுந்தார். 1763-ஆம் ஆண்டில் வெளியான இலண்டன் தொழிலாளர் பெயர்க் குறிப்பு நூலொன்றில் அவருடைய தொழில் இன்னதென்று பதிவு பெற்றுள்ளது. தகடு செதுக்குபவர் என்று மட்டும் அதில் அவர் குறிக்கப்படவில்லை. பூகோளம் கற்பித்தலை எளிதாக்கும் பொருட்டுத் தேசப்படங்களை மரத்தில் ஒட்டித் துணிப்பவர் என்றும் குறிக்கப்பட்டுள்ளார். அதுகாறும் ஒருவரும் தம் கடைத் தொழிலாக எழுதிக்கொள்ளாத பெயர் அது. தாம் விற்கும் பொருள் இன்னது, அது யாருக்குப் பயன்படும் என்னும் இரண்டையும் ஒரு சொற்றொடரில் அடக்கிய அவருடைய வியாபாரத் திறமையை நாம் கவனித்தல் வேண்டும்.

வேலைப்பாட்டின் முறை

அவர் செய்த பண்டத்தின் அமைப்பு மிக எளிது. செப்புத் தகட்டில் தாமே வெட்டி அச்சிட்ட தேசப்படத்திற்கு நாடுவாரியாக வண்ணம் தீட்டுவார். அதனை மகாகனி என்னும் மரத்தின் மெல்லிய பலகைமேற் பசையிட்டு ஒட்டுவார். பசை உலர்ந்தபின் நுண்ணிய அலகுடைய கைவாள் கொண்டு நாடுகளின் எல்லைக் கோட்டின் வழியே அறுத்துத் துண்டு துண்டாகப் பிரிப்பார். அத்துண்டுகளை மரப்பெட்டியிலிட்டு விற்பார். குழந்தை அவற்றைக் கலைத்துவிட்டு மீண்டும் பொருத்தும்போது, எந்நாட்டுக்கு அயல் எந்நாடு, எக்கடல் எக்கரையைத் தொடுகின்றது என்பனவெல்லாம் கைவழியாக மனத்திற் பதியும்.

சொல்லுதல் எளிதாயினும் செய்தற்குரிய நுட்பம் மிகுதி என்பதை மரவேலை அறிந்த நம்மவர் உடனே உணர்வர். அலகு தடித்திருந்தால் அறுத்த வழியில் மரம் மிகுதியாகத் தூளாகிப் போய்த் துண்டுகளினிடையே சந்து விழும். எல்லை ஓரத்து ஊர்ப்பெயரும் அழியும். அலகு சாய்ந்தால் துண்டு மேற்புறத்தே ஓரளவும் கீழ்ப்புறத்தே வேறோரளவுமாக அமைந்து, ஒரு பக்கமாகவே நுழையும். மறுபக்கமாக எடுக்க வராது. மரத்தின் இழை ஓடும் திசையறியாது அறுத்தால் குறுகிய முனைகள் முறிந்து விழும். மகாகனி மரம் இழை நேர்மையும் சமமான இறுக்கமும் உடையது. கோணலும் முறுக்கலும் குறைந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் அமெரிக்கக் கரைகளிலிருந்தும் கப்பலில் வந்து அக்காலத்து இலண்டன் தச்சுப் பட்டறைகளில் நிறைந்திருந்த அம்மரத்தை அவர் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதனால் விளங்கும். இப்போது ஒட்டுப்பலகையில் அறுக்கின்றவர்களுக்கு அவ்விழைத் தொல்லை பெரும்பாலும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய இழைகள் ஒன்றையொன்று தாங்கும்.

உலகம், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, இங்கிலாந்தும் வேல்ஸும், அயர்லாந்து, ஸ்காத்லாந்து என எட்டுப் பொருள்களில் அவர் துண்டுத் தேசப்படங்களை அமைத்து விற்றார். 1766-ஆம் ஆண்டில் அவர் செய்த ஐரோப்பாக் கண்டத்துப் படம் பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப் பெற்று வருகின்றது.

விலை குறைத்த விதம்

எல்லோரும் ஒரே விலை கொடுக்க இயலாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆதலின் ஒரே படத்தைப் பல தரமாக விற்றார். பெட்டியோடு வேண்டுவோர்க்கு ஒரு விலை. பெட்டியின்றி வேண்டுவோர்க்கு அதனிற் குறைந்த விலை. இவற்றினும் சுவையான ஓர் உபாயம், கடலை நீக்கிவிட்டு நிலப்பகுதிகளை மட்டும் விற்றமை. கடல் பரந்த இடத்திற்கு மரம் மிகுதியாகச் செல்லும். கற்பதற்கோ அதில் நாடும் ஊரும் இல்லை. அதனை விட்டுவிட்டால் விலை இறங்கும்; கல்விக்குக் குறைவில்லை. பண்டத்தின் உயிரான பகுதியைக் காத்துக்கொண்டு, புறப்பகுதியைக் குறைத்து விலையை இறக்குதல் நேர்மையான வியாபாரம். உயிரான பகுதியிலேயே மரத்தையும் உழைப்பையும் திருடி விலை குறைப்பவரும் நம் கடைவீதிகளில் உண்டு. அவர்களிடம் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வருவதில்லை.

இவ்வளவு குறைத்தும் அப்படங்கள் கூலியாளர் வீட்டுக்கு எட்டவில்லை என்பதை மறைத்தல் ஆகாது. கையால் அறுத்த மகாகனிப் படத்தைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்ந்த பாடசாலை மாணாக்கருமே பெற்றனர். 1814-ஆம் ஆண்டில் வெளியான ‘மான்ஸ்பீல்டு பார்க்’ என்னும் நாவலில் ஜேன் ஆஸ்டின் அம்மையார் இதனை அழகுறக் காட்டியுள்ளார். வறிய வீட்டிலிருந்து செல்வரான பெரியதாயார் வீட்டுக்கு வந்த பத்து வயதுச் சிறுமிக்கு ஐரோப்பாத் துண்டுப் படத்தைப் பொருத்தத் தெரியவில்லை என்று அவ்வீட்டுப் பெண்கள் அவளை அறிவிலியாக எண்ணி நகையாடுகின்றனர். அச்சிறுமிக்கு அறிவு இல்லாமலில்லை. அப்பெட்டி அவள் வீட்டில் இல்லை, அவ்வளவே. ஏழைப் பிள்ளை விடை தெரியாது விழிக்கும்போது ஆசிரியராயினார் முதலில் நினைக்க வேண்டியது இதனையே.

அக்காலத்து மதுரை

இங்கு ஸ்பில்ஸ்பரி நாடுகளின் எல்லைக் கோட்டில் வாளை ஓட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் நம் மதுரை எந்நிலையில் இருந்தது என்று ஒரு கணம் எண்ணுவோம். அப்போது மதுரையை ஆண்டவர் கான்சாகிபு என்று நம் மக்கள் வழங்கும் யூசுப்கான். ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலக் கம்பெனியாரும் 1763-ஆம் ஆண்டிலும் 1764-ஆம் ஆண்டிலும் கோட்டையை முற்றுகையிட்டனர். 1764 அக்டோபர் 15-ஆம் தேதி யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார். கான்சாமேட்டுத் தெருவின் பெயர் இன்றும் அவரை நினைவூட்டி நிற்கின்றது.

அயல்நாட்டை அளந்து படமாக்கியவர் அந்நாட்டை ஆளவும் புகுந்தனர். எனவே ஐரோப்பிய நகரங்களில் தேசப்படத்திற்குப் பெரு மதிப்பு ஏற்பட்டது. கண்டங்களையும் துறைமுகங்களையும் தம் பிள்ளைகள் இளமையிலேயே அறிதல் வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். ஸ்பில்ஸ்பரியின் கடைக்கு வாணிகம் நடந்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. பூகோளக் கல்வியை வெறும் பெயர் நெட்டுருவாக நம் பிள்ளைகள் இன்றும் கொள்ளுதல் எவ்வளவு பெரிய நட்டம் என்பதையும் இதனால் ஓர்ந்துகொள்க.

முதல்வர் யார்?

ஸ்பில்ஸ்பரியே துண்டுப் படத்தை முதன்முதல் கண்டுபிடித்தவர் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். பிற்கால ஆராய்ச்சி இதனைச் சிறிது மாற்றியுள்ளது. பிரான்ஸ் தேசத்திற் பிறந்து இலண்டனுக்கு வந்து பெண்மக்களுக்குக் கல்வி கற்பித்த லெப்ரென்ஸ் தெ போமோன் அம்மையார், ஸ்பில்ஸ்பரி கடை வைப்பதற்குச் சற்று முன்னரே மரத் தேசப்படங்களைக் கொண்டு பாடம் நடத்தியிருந்தார் என்று தெரிய வருகின்றது. அழகியும் விலங்கும் என்னும் கதையை இப்போது உலகம் அறிந்த வடிவில் 1756-ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் இவரே. அன்றியும், 1762-ஆம் ஆண்டு முதல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மக்களை வளர்க்கும் பொறுப்பேற்ற சார்லத் பிஞ்சு அம்மையாரும் துண்டுத் தேசப்படங்களாற் பூகோளம் கற்பித்தார். அவர் பயன்படுத்திய படங்களை வைத்திருந்த மகாகனிப் பேழை இங்கிலாந்தில் இன்றும் காக்கப் பெறுகின்றது.

இதனால் ஸ்பில்ஸ்பரியின் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. கற்பிப்பவர் ஒருவர் தம் மாணாக்கர்க்கு ஓர் உபாயம் காணுதல் ஒன்று. அவ்வுபாயத்தை எவரும் விலை கொடுத்துப் பெறத்தக்க பண்டமாக்கி, தரம் பிரித்து, பெயரிட்டு, கடையில் அடுக்கி, தொழிலாக நிறுத்துதல் மற்றொன்று. இவ்விரண்டாவது பணியைச் செய்தவர் என்று ஐயமின்றி அறியப்பட்ட முதல்வர் ஸ்பில்ஸ்பரியே. அம்மையார்க்குரிய புகழை அம்மையார்க்கே கொடுத்த பின்னும் தொழிலாளிக்குரிய புகழ் முழுதும் எஞ்சி நிற்கின்றது. எல்லாக் கலைகளும் எம்மவரிடமே பிறந்தன என்று சாதிக்கும் ஆசை நம் நாட்டுச் சங்கங்கள் பலவற்றுக்கும் உண்டு. ஆதாரமில்லாத பழம்பெருமை கேட்கும்போது இனிக்கும். ஆராய்ச்சி வந்து தட்டும்போது உண்மையான பெருமையையும் உடன்கொண்டு சரிந்துவிடும். செய்ததைச் செய்தவாறு கூறுதலே நமக்கு அழகு.

இளமையில் மறைவு

கடை நன்கு நடந்து வந்தபோது, 1769-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி ஸ்பில்ஸ்பரி காலமானார். அப்போது அவருக்கு வயது 29. தொழில் கற்ற ஏழாண்டுகளைக் கழித்தால், தாமே தமக்கு முதலாளியாக உழைத்த காலம் பத்தாண்டும் இல்லை.

அவருக்குப்பின் நிகழ்ந்ததுதான் நம்மவர் குறித்துக்கொள்ள வேண்டியது. கணவர் இறந்ததும் சேரா அம்மையார் தகடுகளையும் பலகைகளையும் விற்றுவிட்டு உறவினர் வீட்டில் ஒதுங்கவில்லை. கடையைத் தாமே ஏற்று நடத்தினார். பின்னர் ஸ்பில்ஸ்பரியினிடம் தொழில் பழகிய மாணாக்கராகிய ஹாரி ஆஷ்பி என்பவரை மணந்தார். அவரும் துண்டுத் தேசப்படங்களைத் தொடர்ந்து விற்று வந்தார். தலைவன் மறைந்தபோதும் தொழில் மறையாமல் நின்றதற்குக் காரணங்கள் இரண்டு: மனைவி கடையின் நடைமுறையை அறிந்திருந்தார், மாணாக்கர் கையில் வித்தை இறங்கியிருந்தது.

நம் குடும்பங்களில் நடப்பது யாது? பட்டறையில் எவரிடம் எவ்வளவு வரவேண்டும், மரக்கடைக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது தலைவன் மனக்கணக்கில் மாத்திரம் இருக்கின்றது. அவன் திடீரென மறைந்தால் மனைவிக்குத் தெரிவது கடன்காரர் முகம் ஒன்றே. நாற்பதாண்டு பழகிய இழைப்புளியும் துறப்பணமும் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. வித்தையையும் முழுதும் சொல்லிக்கொடாது இறுதிவரை ஒளித்து வைத்திருந்து உடன்கொண்டு போவோரும் உளர். ஒவ்வொரு பட்டறையிலும் கணக்குப் புத்தகம் ஒன்று இருத்தலும், அதனை இல்லத்தரசியார் வாசித்தறிதலும், ஒரு மாணாக்கனுக்கேனும் வித்தை முழுதும் இறங்குதலும் நம் சங்கத்தார் வீடுதோறும் சென்று வற்புறுத்தத் தக்கன.

பிற்கால வளர்ச்சி

ஸ்பில்ஸ்பரி ஊன்றிய வித்துப் பல கிளைகளாகப் படர்ந்தது. 1780-ஆம் ஆண்டுகளில் ஜான் வாலிஸ் முதலிய இலண்டன் வெளியீட்டாளர் தேசப்படத்தோடு அமையாது சரித்திர அட்டவணைகளையும் துண்டுப் படங்களாக்கினர். பின்னர் கதைகளும் விலங்குகளும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலால் மிதித்தியக்கும் வாள்பொறிகள் பரவின. அப்பொறியின் பெயரே புதிருக்கும் பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதியோரும் இவ்விளையாட்டில் இறங்கினர். அமெரிக்காவில் பார்க்கர் சகோதரர் கம்பெனி 1909-ஆம் ஆண்டில் ஏனை விளையாட்டுப் பொருள்களை நிறுத்திவிட்டு மரப் புதிர்களையே செய்யும் அளவிற்கு அவ்விருப்பம் முற்றியது.

1929-க்குப் பிந்திய பெரும் பொருளாதார மந்தத்தில் அந்நாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்காக வேலையிழந்தனர். அப்போது தச்சரும் கட்டட வேலைக்காரரும் தம் வீட்டுப் பட்டறையிலேயே மரப் புதிர் அறுத்து அயலார்க்கு விற்றும், நாள் வாடகைக்கு விட்டும் சீவனம் செய்தனர். அட்டையை அச்சுக்கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டும் முறையும் அப்போது பெருகிற்று. 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாரத்திற்கு 1 கோடி அட்டைப் புதிர்கள் வரை விற்றன என்பர். அட்டை மலிந்தபின் மரம் அருகியது. எனினும் அழியவில்லை, கையால் அறுத்த மரத் துண்டின் கனமும் பொருத்தமும் வேண்டுவோர் இன்றும் மிகுந்த விலை கொடுத்து வாங்குகின்றனர்.

நம் நாட்டிலும் மரத் தேசப்படம் புகுந்த வரலாறு உண்டு. இத்தாலி தேசத்துக் கல்வி நிபுணராகிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து, 300-க்கு மேற்பட்ட ஆசிரியர்க்குத் தம் முறையைக் கற்பித்தார். போர்க்காலமாதலின் தாய்நாடு திரும்ப இயலாது இந்நாட்டிலேயே தங்கி, 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். இப்போது திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலையூர் அந்நாளில் நம் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. அவர் முறையில் நடக்கும் பாடசாலைகளில், கண்டங்களும் நாடுகளும் தனித்தனி மரத்துண்டுகளாக அமைந்து, சிறு விரல் பற்றியெடுக்கக் குமிழ் பொருத்திய தேசப்படப் பலகை இன்றியமையாத கருவிகளுள் ஒன்று. இலண்டன் சந்திற் பிறந்த பொருள் வைகைக்கு மேற்கே நாம் கண்ணாற் காணும் மலைவரை வந்துவிட்டது. அதனை அறுத்துக் கொடுக்கும் தொழில்தான் நம் பட்டறைகளுக்கு இன்னும் வந்தபாடில்லை.

நாம் செய்யத்தக்கது

கதவும் நிலையும் கட்டிலும் ஆலையிலிருந்து வந்து இறங்கும் இக்காலத்தில், மரவேலை அறிந்த நம் இளைஞர் பலர் வித்தையைக் கைவிட்டு வேறு வேலை நாடிச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கையில் வித்தை இருந்தும் வாங்குவார் இல்லையெனில் யாது செய்வர்? வாங்குவாரைத் தேடிக்கொண்ட ஸ்பில்ஸ்பரியின் வழியை அவர்களுக்குக் காட்டலாம். ஒட்டுப்பலகையும், நுண்ணலகு பூட்டிய சிறு வாள்பொறியும், உப்புத்தாளும், பிழையற்ற ஒரு தேசப்படமும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கத்தக்க தொழில் இது.

தமிழ்நாட்டின் மாவட்டங்கள் 38. அவை முப்பத்தெட்டுத் துண்டுகளாக அமைந்த ஒரு பலகை ஒவ்வோர் ஆரம்பப் பாடசாலையிலும் இருந்தால், மாவட்டப் பெயர்களை நெட்டுருப் போடும் துன்பம் சிறுவர்க்கு ஒழியும். 258 கிலோமீட்டர் ஓடும் வைகையாறு தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்னும் மாவட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும் வழியைத் துண்டுதோறும் நீலக்கோடு தொடருமாறு அமைக்கலாம். கோடு தொடர்ந்தால் பொருத்தம் சரியென்பது குழந்தைக்கே விளங்கும். நம் மதுரை நகரமோ இதற்கென்றே அமைந்தது போன்றது: நடுவே திருக்கோயில், அதனைச் சூழ ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக அடங்கும் இவ்வமைப்பை மரத்தில் அறுத்து விற்றால், உள்ளூர்ச் சிறுவர்க்குப் பாடமும் வெளியூர் யாத்திரிகர்க்கு நினைவுப் பொருளும் ஆகும்.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். சின்னஞ்சிறு குழந்தைகள் வாயிற் போட்டுக்கொள்ளும் அளவிற்குத் துண்டு சிறிதாக இருத்தல் கூடாது. வண்ணத்தில் ஈயம் முதலிய நஞ்சு கலத்தல் கூடாது. விளிம்பு சிராய்ப்பின்றி இழைக்கப்பட வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். கைவினைத் துறை ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்பனவற்றுக்கு அவ்வாணை விலக்களித்துள்ளது. ஆதலால் பதிவு செய்துகொள்ளுதல் முதற் கடமை. பதிவுக்கு வேண்டிய விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பதற்குச் சங்கத்தில் படித்த இளைஞர் சிலர் வாரம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவராயின் அது பெரிய தருமமாகும்.

முடிவுரை

ஸ்பில்ஸ்பரி செல்வராக இறக்கவில்லை; பட்டம் பெறவில்லை; முதுமையும் காணவில்லை. தாம் கற்ற நுண்தொழிலைக் குழந்தைகளின் கல்விக்குப் பயன்படுமாறு திருப்பினார். அதனை நேர்மையான விலைக்கு விற்றார். தமக்குப்பின் நடத்துதற்கு உரியாரையும் உடன் வைத்திருந்தார். அவர் அறுத்த துண்டுகள் சில இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கை வேலையின் நேர்மைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பள்ளி விடுமுறை வருகின்றது. பட்டறை வைத்திருக்கும் அன்பர்கள் தம் மக்களை அருகிருத்தி, கழிந்த பலகையொன்றில் தம் ஊர்ப் படத்தை ஒட்டி, அவர்கள் கையாலேயே ஒரு துண்டேனும் அறுக்கச் செய்வார்களாக. அக்குழந்தைகள் பூகோளமும் கற்பர். தம் பாட்டனார் பிடித்த வாளின் பிடியையும் கையால் அறிவர்.